எந்தப் பக்கம் குரைக்கிறது

பன்றி வேட்டையில் ஓடுவது நாய், மடக்குவது நாய், கடிப்பது நாய், கடிபடுவதும் பெரும்பாலும் நாய்தான். மனிதனுக்கு அதில் உருப்படியான வேலை ஒன்றே ஒன்று உண்டு. இருட்டில் அசையாமல் நின்று, எந்தப் பக்கம் குரைக்கிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஓடுவதும் மூச்சு வாங்குவதும்தான்.

அந்த ஒரு வேலையை இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்துவந்தார். அதனால் அவர் பெயரே 'காது' என்று ஆகிவிட்டது. பகலில் பஸ் டிப்போவில் எஞ்சின் மெக்கானிக். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து, "மூணாவது சிலிண்டர் மூச்சு முட்டுது, ஓரமா நிறுத்து" என்பார். டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். வேட்டையிலோ கேட்கவே வேண்டாம். இரண்டு நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தால், எது எங்கே நிற்கிறது, பன்றி நிற்கிறதா நகர்கிறதா, குட்டியா தாயா என்பதுவரை சொல்லிவிடுவார். நாய்க் கழுத்தில் மாட்டி, எங்கே ஓடுகிறது என்று கையிலுள்ள திரையில் பார்க்கிற கருவி ஒன்றை மச்சான் ஒருமுறை வாங்கிவந்தான். மூன்றாவது வாரமே அது வாய்க்காலில் விழுந்து செத்தது. "பாத்தியா, என் காது தண்ணியில விழுந்தாலும் வேலை செய்யும்" என்று அவர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாய்க்கொழுப்பு அவரைச் சும்மா விடவில்லை. எட்டு மாதத்துக்கு முன் நாலு நாள் சளிக்காய்ச்சலில் படுத்தார். ஐந்தாம் நாள் காலை எழுந்தால் வலது காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டார், குச்சி விட்டார், தலையைச் சாய்த்துக் குதித்தும் பார்த்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது டாக்டர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது என்றார். "அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். கவலைப்படாதீங்க, இன்னொரு காது அருமையா இருக்கு. சத்தம் எல்லாம் கேக்கும். எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னுதான் தெரியாது."

எதை நம்பி அவர் காது என்று பெயர் வாங்கினாரோ, அது மட்டும் தெரியாதாம். டாக்டருக்கு ஆறுதல் சொல்லவும் வந்தது பாருங்கள்.

விஷயம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். "நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள் அவள். "எனக்குத்தான் கஷ்டம். நான் திட்ட ஆரம்பிச்சா நல்ல காதைத் தலையணையில அமுக்கிப் படுத்துக்கறீங்க. ரெண்டு வாரமா சுவத்துக்குத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

டிப்போவில் பிரச்சினை இல்லை. எஞ்சின் கண் முன்னால் நிற்கிறது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பயமெல்லாம் வேட்டையைப் பற்றித்தான். ஐம்பத்துநாலு வயதில் அவருக்குப் பெருமைப்பட வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வாரத்தில் ஒருநாள், மச்சானும் கசாப்புக்காரரும் நாய்களும் அவரும் ஒரே பிக்கப் வண்டியில் ஏறிப் போகிற அந்த ராத்திரிதான் அவருக்கு எல்லாம். காது கேட்காத 'காதை' வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? 'நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்கண்ணே' என்று மரியாதையாகக் கழற்றிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆனால் எட்டு மாதமாக மாட்டிக்கொள்ளாமல் சமாளித்துவிட்டார். அதற்கு ஒரு வழி அகப்பட்டது. அந்த வழி அவருடைய மச்சான்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். வாய் ஓயாது. கேட்கிற நேரத்தில் எல்லோரும் நெற்றி விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது காது போட்ட பழைய சட்டம். கண் திறந்திருந்தால் காது தூங்கும் என்பார். இருபது வருடமாக அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த மச்சான், கொஞ்ச மாதமாக விளக்கை அணைக்க மறந்துபோகிறான். நாய் குரைத்ததும் மடையன் மாதிரி அந்தப் பக்கமே திரும்பி நிற்கிறான். அவன் நெற்றி வெளிச்சம் நேராக அங்கே போய் விழுகிறது. காது அதை ஓரக்கண்ணால் பார்ப்பார். இரண்டு நொடி யோசிப்பதுபோல் கண்ணை மூடுவார். பிறகு கையை நீட்டி, "அங்க. நானூறு அடி. நின்னுடுச்சு" என்பார். சொன்ன கையோடு மச்சானை ஒரு பிடி பிடிப்பார். "எத்தனை தடவைடா சொல்றது? லைட்டை அணைக்கத் தெரியாதா?"

அந்த வெளிச்சத்தில் பிழைத்துக்கொண்டே அந்த வெளிச்சத்தைத் திட்டுவது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான். திட்டாவிட்டால் சந்தேகம் வரும் என்று திட்டினார். மச்சானும் தலையைச் சொறிந்துகொண்டு, "மறந்துட்டேன் மாமா" என்பான். அடுத்த வாரமும் மறப்பான்.

அன்று அவர்கள் போனது ஒரு மக்காச்சோளக் காட்டுக்கு. காட்டின் சொந்தக்காரி ஐம்பது வயது அம்மாள். தனியாளாக விவசாயம் பார்க்கிறவர். பத்து நாளில் அறுவடை. பன்றிகள் ஒவ்வொரு ராத்திரியும் வந்து வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தன. தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. அந்த அம்மாள் வனத்துறை அலுவலகத்தில் பன்றியைக் கொல்ல அனுமதிச் சீட்டு வாங்கி, அதைக் கையோடு பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றிருந்தார். "போன வருஷம் பாதிதான் வீடு வந்து சேந்துச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா நெலத்தை விட்டுட்டுப் போகவேண்டியதுதான்" என்றார்.

காட்டுக்கு மேற்கே மாட்டுத்தீவன மில் ஒன்றின் தகரச் சுவர் நீளமாக ஓடியது. கிழக்கே ஆளுயரப் புதர் மண்டிய வாய்க்கால். நடுவில் சோளம். வண்டியை வரப்பில் நிறுத்தி நாய்க்கூண்டைத் திறந்தார்கள்.

மிளகாய் முதலில் குதித்தாள். செம்பட்டை நிறம், பிடியளவு உடம்பு, கோபம் மட்டும் ஊரளவு. அவளைக் குட்டியிலிருந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது காதுதான். அவளுக்குப் பின்னால் தந்தி. ஒல்லியான கறுப்பன், விட்டுவிட்டுக் குரைப்பவன். இவர்கள் இருவரும் பன்றியைத் தேடிப்பிடித்து, சுற்றிச்சுற்றிக் குரைத்து, நகரவிடாமல் நிறுத்திவைப்பார்கள். கடிப்பது அவர்கள் வேலை இல்லை. அந்த வேலை பீப்பாய்க்கு. பீப்பாய் பெயருக்கேற்ற உடம்பு. குரைக்கவே மாட்டான். தடித்த பட்டையில் தைத்த மார்புக் கவசம் மாட்டி, கசாப்புக்காரர் அவனைக் கயிற்றில் பிடித்திருப்பார். பன்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோனபிறகுதான் அவிழ்த்துவிடுவார். முன்கூட்டி விட்டால் கண்டதையும் போய்ப் பிடித்துவிடுவான். ஒருமுறை ஒரு மோட்டார்சைக்கிளின் டயரைப் பிடித்து அரைமணி நேரம் விடவில்லை.

கசாப்புக்காரர் பேசுவது அபூர்வம். கடையில் கத்தி பேசுவதே போதும் என்பது அவர் கட்சி.

முதல் ஓட்டம் சுலபமாக முடிந்தது. கால்மணி நேரத்தில் மிளகாயின் குரல் கணீரென்று கிளம்பியது. மச்சானின் நெற்றி வெளிச்சம் வடக்கே திரும்பியது. காது கண்ணை மூடி, திறந்து, வடக்கே கை நீட்டினார். போனார்கள், பீப்பாய் பிடித்தான், ஒரு நடுத்தரப் பன்றி. திரும்பி வந்தபோது சோளக்காட்டு அம்மாள் பூரித்துப்போய் நின்றார்.

"காது காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நெஜமாவே அதிசயமா இருக்கு அண்ணா." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனசு, நிறுத்தவில்லை. "இந்தத் தம்பிக்கும் நல்ல காது போல. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அவரு லைட்டு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

காதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசாப்புக்காரர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்ற பயத்திலேயே காது முந்திக்கொண்டார்.

"லைட்டை அணைடா! அறிவிருக்கா உனக்கு? பத்து வயசுப் பையன்கிட்ட சொன்னாக்கூட ஒரு தடவையில புரிஞ்சுக்குவான். பிள்ளைங்களை ஏத்தி எறக்கற வேன்னு நெனச்சியா இதை? உன்னாலதான் பன்னி பாதி ஓடுது. வேலைக்கு ஆகலைன்னா வீட்டுலயே கெட!"

வெளி ஆள் முன்னால் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மச்சானின் முகம் சுருங்கியது. அவன் நெற்றியிலிருந்து விளக்கைக் கழற்றினான், அணைத்தான், சட்டைப் பையில் போட்டான்.

"சரி மாமா" என்றான். ஓயாத வாய் ஓய்ந்துபோனது நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது ஓட்டத்துக்கு நாய்களை விட்டார்கள். அம்மாள் வண்டியருகே நின்றுகொண்டார். மூன்று பேரும் காட்டுக்குள் கொஞ்சதூரம் போய் நின்றார்கள். நல்ல இருட்டு. பக்கத்தில் நிற்பவர் மூச்சு கேட்கிறதே தவிர முகம் தெரியவில்லை. காது அப்போதுதான் தான் செய்த காரியத்தை உணர்ந்தார். கையிலிருந்த ஒரே பிடிமானத்தை அவரே உதறிவிட்டிருந்தார்.

நேரம் ஆனது. பிறகு தந்தி குரைத்தான். உடனே மிளகாய். இந்தமுறை அவள் குரலில் கணீர் இல்லை; பல்லைக் கடித்துக்கொண்டு குரைப்பதுபோல் ஒரு கரகரப்பு. அது எதற்கு என்று அவருக்குத் தெரியும். பெரிய ஆண் பன்றி, தனியாகத் திரிகிறது, பயப்படாதது. அதை அதிக நேரம் நிறுத்திவைக்க முடியாது. பீப்பாய் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும்.

இவ்வளவும் இடது காதுக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு காதை வைத்தும் திசை பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்ப வேண்டும். எங்கே அதிகம் கேட்கிறதோ அங்கே. வீட்டு மொட்டைமாடியில் பலமுறை செய்து பார்த்திருந்தார். ஆனால் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போது பம்பரம் மாதிரிச் சுற்ற முடியுமா? தலையை மட்டும் இரண்டு தடவை அப்படியும் இப்படியும் அசைத்தார். இடது பக்கம் சத்தம் தெளிவாக விழுந்தது. இடது பக்கம் மில் இருந்தது.

"மில் பக்கம்" என்றார். "சொவத்தோரம் மடக்கியிருக்கு. வா."

கசாப்புக்காரர் அசையவில்லை. "மில் பக்கமா அண்ணே?"

"மாமா, எனக்கு என்னமோ வாய்க்கால் பக்கம்னு…" என்று மச்சான் இழுத்தான்.

"இங்க காது யாருடா?"

மேற்கே நடந்தார்கள். பீப்பாய் வரமாட்டேன் என்று கிழக்கே இழுத்தான். கசாப்புக்காரர் பலங்கொண்ட மட்டும் கயிற்றைப் பிடித்து அவனைத் திருப்பினார். "இதுக்கு வேற கொழுப்பு" என்று காது நாயையும் திட்டினார். நாய்க்கே தெரிகிற விஷயம் தனக்குத் தெரியவில்லை என்ற எண்ணம் ஓரத்தில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு வேகமாக நடந்தார்.

தகரச் சுவர் வந்தது. சுவரோரம் புல்கூட இல்லை. குரைப்பு சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. நாய் அந்தக் கோடியில், சத்தம் இந்தக் கோடியில். அவர் எதிரொலியைத் தேடி இவ்வளவு தூரம் கூட்டி வந்திருந்தார்.

அப்போது மிளகாயின் குரல் நின்றது.

தந்தி மட்டும் குரைத்துக்கொண்டிருந்தான், இடைவிடாமல், பதறிப்போய். காது சுவரில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினார். பத்துவரை எண்ணியும் அவள் குரல் வரவில்லை.

இப்போதுகூட ஒரு பொய் கையில் இருந்தது. 'பன்னி நகர்ந்துடுச்சு, எடம் மாறிடுச்சு' என்று சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். சொல்லிவிட்டு? எங்கே என்று கேட்டால் மறுபடி எதைச் சொல்வது? இன்னொரு தப்பான திசைக்கு நடப்பதற்குள் அவள் போய்விடுவாள். உள்ளங்கையில் கிடந்த குட்டி ஞாபகம் வந்ததும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியலை" என்றார். "எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலைடா. வலது காது செத்து எட்டு மாசம் ஆச்சு. உங்களை ஏமாத்திட்டேன். நீங்க சொல்லுங்க, எங்க குரைக்குது?"

பட்டென்று வெளிச்சம் வந்தது. மச்சான் விளக்கைப் பையிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான் போலிருக்கிறது.

"தெரியும் மாமா. ஓடி வாங்க" என்றான்.

தெரியும் என்று அவன் சொன்னதை யோசிக்க அப்போது நேரம் இல்லை. மச்சான் அவருடைய வலது பக்கமாக வந்து கையைக் கோத்துக்கொண்டான். பீப்பாய் இழுத்த இழுப்பில் கசாப்புக்காரர் முன்னால் பறந்தார். சோளத்தட்டைகள் முகத்தில் அறைந்தன. ஐம்பத்துநாலு வயதில் அவர் அப்படி ஓடியதில்லை. 'உயிரோட இருடி, உயிரோட இருடி' என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை.

வாய்க்கால் மதகின் சுவரை முதுகுக்குக் கொடுத்து நின்றது பன்றி. கன்றுக்குட்டி உயரம். கோரைப்பற்கள் வெளிச்சத்தில் மின்னின. தந்தி எட்டி எட்டிப் பாய்ந்து குரைத்துக்கொண்டிருந்தான், நாக்கு தொங்கிப்போயிருந்தது. மிளகாய் சேற்றில் பக்கவாட்டில் கிடந்தாள். அவள் கண் திறந்திருந்தது. பன்றி தலையைத் திருப்பும்போதெல்லாம் கிடந்தபடியே பல்லைக் காட்டினாள். சத்தம்தான் வரவில்லை, அடிபட்டதில் மூச்சு அடைத்துப்போயிருக்க வேண்டும்.

கசாப்புக்காரர் கயிற்றை விட்டார். பீப்பாய் வளைந்து போகவில்லை, நேராகப் போனான். பன்றியின் பல் அவன் மார்புக் கவசத்தில் சரக்கென்று இழுத்தது. அவன் அதைப் பொருட்படுத்தாமல் பன்றியின் காதைக் கவ்விக்கொண்டான். அந்த நொடியே கசாப்புக்காரர் பின்னால் பாய்ந்து இரண்டு பின்னங்கால்களையும் பிடித்துத் தூக்கிச் சாய்த்தார். கத்தியை வைத்தவர் காது. ஒரே குத்தில் முடித்தார். வேதனையை நீட்டக்கூடாது என்பது அவர்கள் மூவருக்கும் பொதுவான சட்டம், அதை மட்டும் யாரும் ஒருநாளும் மறந்ததில்லை.

மிளகாயை அவர் தன் சட்டையில் சுற்றித் தூக்கிவந்தார். வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் படுக்கவைத்தார்கள். தோளிலிருந்து மார்புவரை ஒரு கிழிசல். ஆழம் இருந்தது, ஆனால் உள்ளே எதுவும் அறுபடவில்லை. கசாப்புக்காரர் மருந்துப்பெட்டியைத் திறந்து மருந்தால் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, கறி வெட்டும் அதே கையால் தையல் போட்டார். ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. மச்சான் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். சோளக்காட்டு அம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய் வெந்நீரும் பழைய போர்வையும் கொண்டுவந்துவிட்டு, இன்னும் துணி எடுக்க மறுபடி ஓடினார். பதினேழாவது தையலில் மிளகாய் உறுமினாள். கசாப்புக்காரரின் கட்டைவிரலைக் கவ்வப் பார்த்தாள்.

"பொழைச்சுக்குவா" என்றார் அவர். "கோவம் வந்துடுச்சு."

காது வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த ரத்தத்தைப் புல்லில் துடைத்தார். பிறகுதான் கேட்டார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"ஏழு மாசமா" என்றான் மச்சான்.

"உங்கக்கா சொன்னாளா?"

"அக்காவா? நான் நேராவே கேட்டேன். கரண்டியைத் தூக்கிட்டு அடிக்க வந்துட்டா. அதுலயே உறுதியாயிடுச்சு." அவனுடைய வாய் பழையபடி ஓட ஆரம்பித்திருந்தது. "அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான் மாமா. காலம்பூரா வலது காதுல போன் பேசுவீங்க, திடீர்னு இடது காதுக்கு மாத்தினீங்க. என் வேனை ரிப்பேர் பாக்க வந்தப்ப எந்தப் பக்கத்துலேர்ந்து பிள்ளைங்க கூப்பிட்டாலும் தப்பான பக்கமே திரும்புனீங்க."

கசாப்புக்காரர் கையைக் கழுவிக்கொண்டே வாயைத் திறந்தார். வருடத்தில் அவர் பேசுகிற நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "கடையில உங்க வலது பக்கம் நின்னு எலும்பு வேணுமான்னு மூணு தடவை கேட்டேன். பதில் இல்லை. நாலாவது தடவை கெட்ட வார்த்தையில திட்டிப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே கறியை வாங்கிட்டுப் போனீங்க. அன்னைக்கு ராத்திரியே உங்க மச்சான்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன வார்த்தை?"

"அதை விடுங்கண்ணே."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை சொல்லலை?"

மச்சான் போர்வையை மிளகாயின் மேல் இழுத்துவிட்டான். "சொன்னா நீங்க நின்னுடுவீங்க மாமா. கௌரவம் பாப்பீங்க. உங்களை யாரு காதுக்காகக் கூட்டிட்டு வர்றாங்க? நீங்க இல்லாம நாங்க ரெண்டு பேரும் இந்த இருட்டுல எதைப் பேசிக்கிட்டுப் போறது? இவரு பேசறதை நீங்களே பாத்திருக்கீங்க. அதான், லைட்டை அணைக்காம நின்னா நீங்க பாத்துக்குவீங்கன்னு யோசனை பண்ணோம். மொதல்ல இந்த அண்ணன்தான் லைட்டைப் போடறதா இருந்துச்சு. அவரு நாயைப் பிடிக்கணுமேன்னு திட்டு வாங்கற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னைக்கு ரோஷத்துல அணைச்சது என் தப்பு. தப்பான பக்கம் போறோம்னு தெரிஞ்சும், உங்க கௌரவம் போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டு வந்தது அதைவிடப் பெரிய தப்பு. மிளகாய் பாவம்."

காது மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏழு மாதத்தில் முப்பது ராத்திரிக்குக் குறையாது. ஒவ்வொரு ராத்திரியும் அவன் வேண்டுமென்றே திட்டு வாங்கியிருக்கிறான். தலையைச் சொறிந்திருக்கிறான், மறந்துட்டேன் என்று முட்டாளாக நின்றிருக்கிறான். தான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார். அவர்களோ அவர் தலை குனியாமல் இருக்க இவ்வளவு பெரிய நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. இப்படி இரண்டு பேர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைத்தார். அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் மச்சானிடம் நன்றி சொல்வது எந்தக் குடும்பத்தில் வழக்கம்?

சோளக்காட்டு அம்மாள் துணியோடு திரும்பி வந்தார். போர்வைக்குள் மிளகாய் தூங்குவதைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். பிறகு காதின் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். அவர் நின்றது வலது பக்கம்.

உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இந்த எட்டு மாதத்தில் இப்படி ஆகும்போதெல்லாம் அவர் ஒரு சிரிப்புச் சிரித்துத் தலையை ஆட்டி ஒப்பேற்றிவிடுவார். சிரிப்பு இப்போதும் பழக்கத்தில் வந்தது. மச்சானும் கசாப்புக்காரரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அம்மா, எனக்கு இந்தக் காது கேக்காது" என்றார். "இந்தப் பக்கம் வந்து சொல்றீங்களா?"

உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த அம்மாள் "அய்யோ, அப்படியா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். பாவம், இரண்டு காதும் கேட்காதவரிடம் சொல்வதுபோல் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"நன்றி அண்ணா! ரொம்ப நன்றி! இந்த வருஷம் என் சோளம் வீடு வந்து சேரும்னு சொன்னேன்!"

தந்தி திடுக்கிட்டு எழுந்து குரைத்தான். கூண்டுக்குள் பீப்பாய் தலையை இடித்துக்கொண்டான். மச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கசாப்புக்காரர்கூட வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். காதும் சிரித்தார். தரையில் கையை ஊன்றி எழுந்து, இருவர் பக்கமும் திரும்பி, அந்த அம்மாள் சொன்ன நன்றியை அப்படியே இவர்களுக்குக் கொடுத்தார்.

"நன்றிடா" என்றார். "ரெண்டு பேருக்கும்."

"மாமா, என்னாச்சு, ஜுரமா?" என்று மச்சான் பதறிப்போய் அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.